வாள் படத்தின் பதினாலாவது துண்டு

எங்கள் தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி கேட்டார்கள். ‘என் தொழில் வாழ்வில் பெற்ற வெற்றி’ என்று தலைப்பையும் அவர்களே தந்தார்கள். யோசித்துப் பார்த்தேன். எசன் நகரத்தில் ஒரே தியேட்டரில் பதினாறு வருடம் படம் ஓட்டியிருக்கிறேன். ஒரு நாளும் காட்சி பிந்தித் தொடங்கியதில்லை. இந்த வெற்றி ஒரு வரியில் முடிந்துவிட்டது. மிச்சப் பக்கங்களை நிரப்ப என்னிடம் ஒரு பிழைதான் இருக்கிறது. அதை எழுதுகிறேன்.

போன மாதம் நான் ஓய்வு பெற்ற கையோடு அந்தத் தியேட்டரில் இருந்த இரண்டு புரொஜெக்டர்களையும் கழற்றிவிட்டார்கள். இனிப் படம் ஒரு சின்னப் பெட்டிக்குள் வருமாம், பொத்தானை அமத்தினால் ஓடுமாம். புதிதாக வந்த பிள்ளைகள் என்னைக் கேட்டார்கள், “அங்கிள், அப்ப நீங்கள் நாள் முழுக்க என்ன செய்தனீங்கள்?” நல்ல கேள்வி. அதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

நான் தொழில் படித்த கதை நீளமில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு தியேட்டரில் இரண்டு வருடம் ஒப்பரேட்டருக்குப் பக்கத்தில் நின்றேன். பிறகு ஜெர்மனிக்கு வந்து ஏழு வருடம் ஒரு பீட்சாக் கடையில் கோப்பை கழுவினேன். ஒரு நாள் வேலை அலுவலகத்தில் டெர்மின், அதாவது வரச்சொல்லி நேரம் தந்திருந்தார்கள். மேசைக்கு அங்கால் இருந்த பெண், வேறு என்ன தெரியும் என்று கேட்டார். ஃபிலிம் ஓட்டத் தெரியும் என்றேன். அவர் அதை நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் எழுதிக்கொண்டார். அடுத்த கிழமை ஃப்ராவ் லிண்டமானுக்கு முன்னால் நின்றேன்.

ஃப்ராவ், அதாவது திருமதி, லிண்டமான்தான் அந்தத் தியேட்டரின் மேலாளர். நூற்றிருபது ஆசனம். பழைய படங்களும் பிறநாட்டுப் படங்களும் ஓடும் இடம். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கோபப்படவேண்டிய இடத்தில் காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்து எதையாவது எழுதுவார். என்ன எழுதினார் என்று தெரியாமல் அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்காது. கத்துகிற முதலாளிகளிடம் வேலை செய்து பழகிய எனக்கு இது பெரிய வதையாக இருந்தது.

அவருடைய முறை இது. ஒரு படம் வந்தால், சனத்துக்குக் காட்டுவதற்கு முதல், ரீல் ரீலாகக் கையால் பார்க்கவேண்டும். இடது கைக்குப் பருத்திக் கையுறை. வலது கை வெறுங்கை. வலது கையின் இரண்டு விரலுக்கு நடுவே ஃபிலிமின் இரண்டு கரையும் ஓடவேண்டும். மற்றக் கையால் மெல்ல மெல்லச் சுற்றவேண்டும். முன்பு எங்கேயோ அறுந்து டேப் போட்டு ஒட்டிய இடம் வந்தால், சட்டைக் கொலரின் தையல்போல விரலில் தட்டுப்படும். நிறுத்தி, பார்த்து, அறிக்கையில் எழுதவேண்டும். பழுதான துண்டை வெட்டி எடுத்தால் அதையும் எழுதவேண்டும். வெட்டியதைக் குப்பையில் போடக்கூடாது. மேசைக்கு மேலே ஒரு பிஸ்கட் டின் இருந்தது, அதற்குள் போடவேண்டும். நான் சேர்ந்த முதல் நாள் அவர் சொன்னது இவ்வளவுதான்: “இங்கே ஒன்றும் எறிவதில்லை.” பீட்சாக் கடையிலும் இதைத்தான் சொன்னார்கள், ஆனால் அங்கே அதற்கு வேறு காரணம்.

ஞாயிற்றுக்கிழமைப் பகலில் எங்கள் ஆட்கள் மண்டபத்தை வாடகைக்கு எடுத்துத் தமிழ்ப் படம் போடுவார்கள். ஏற்பாடு சிவநேசன் அண்ணை. கிழமை நாளில் தபால் பிரிக்கும் வேலை, ஞாயிறில் திரைப்பட அதிபர். படம் லண்டனில் ஓடி, பாரிஸில் ஓடி, சுவிஸில் ஓடி, கடைசியாக எங்களிடம் வரும். வந்து சேரும்போது அந்த ஃபிலிம் படாத பாடு பட்டிருக்கும். வழியில் எந்த ஊரில் அறுந்ததோ அந்த ஊர் ஒப்பரேட்டர் கையில் கிடைத்ததைக் கொண்டு ஒட்டியிருப்பார். அழுகைக் காட்சிக்கு நடுவில் பாட்டுக் காட்சி நாலு ஃபிரேம் எட்டிப் பார்க்கும். ஒரு செக்கனுக்கு இருபத்துநாலு ஃபிரேம் ஓடும், ஆகவே நாலு ஃபிரேம் என்பது கண் சிமிட்டுகிற நேரம்கூட இல்லை. ஆனால் எங்கள் சனத்துக்கு அது போதும், விசிலடிப்பார்கள். இப்படி வந்து ஒட்டிக்கொண்ட துண்டுகளை நான் தேடித் தேடி வெட்டி எடுப்பேன். எனக்கு அதில் ஒரு பெருமையே இருந்தது. அந்தத் துண்டுகளும் அதே பிஸ்கட் டின்னுக்குள்தான் போகும். டின் ஒன்றுதான் இருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, பறந்து பறந்து வாள் வீசுகிற சீனப் படங்களுக்கு ஜெர்மனியில் திடீரென்று மவுசு வந்தது. வீடியோவில் குங்ஃபூ பார்ப்பது அறிவில்லாத வேலை என்று சொல்லிக்கொண்டிருந்த ஆட்களே கம்பளிச் சால்வை போட்டுக்கொண்டு வந்து ரிக்கெற்றுக்கு வரிசையில் நின்றார்கள். ஃப்ராவ் லிண்டமான் இந்தப் படங்களுக்கெல்லாம் மூலமான பழைய வாள் படங்களை ஒரு கிழமை தொடர்ந்து போடுவோம் என்றார். அதில் சனிக்கிழமை மாலைக்கு வைத்த படம்தான் என் கதை. ஒரு உப்பளத்தில் தனியாக நின்று ஒரு பெண் ஏழு பேரை வெட்டிச் சாய்க்கிற படம். எழுபதுகளில் ஜெர்மன் குரல் போட்டு இங்கே ஓட்டியபோது ‘பிசாசுப் பெண்ணும் ஏழு பிணங்களும்’ என்று பெயர் வைத்திருந்தார்களாம். அதன் உண்மையான பெயரை எனக்குச் சரியாக உச்சரிக்க வராது.

அந்தப் படத்துக்கு உலகத்தில் ஒரு பிரதிதான் மிச்சம். அது பீலெஃபெல்ட் நகரத்தில், லியூ என்ற ஒரு அம்மாவின் வீட்டு அலுமாரிக்குள் இருந்தது. அவர்தான் அந்தப் படத்தின் எடிட்டர். படத்தொழிலை விட்டு, கல்யாணம் முடித்து ஜெர்மனிக்கு வந்து, இருபது வருடம் உணவகம் நடத்தியவர். ஃபிலிமில் புளித்த வாடை வரத் தொடங்கியிருந்தது. அந்த வாடை வந்தால் ஃபிலிம் சாகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், குளிர் அறையில் வைத்துப் புதுப் பிரதி எடுக்காவிட்டால் சில வருடம்தான். சனிக்கிழமைக் காட்சிக்கு ஒரு திரைப்படக் காப்பகத்து அலுவலர் வருவதாக இருந்தது. படத்தைப் பார்த்து, எடுப்பதா விடுவதா என்று அவர் முடிவு செய்வார். ஏற்கெனவே ஒருமுறை, குறைப்பிரதி என்று சொல்லித் திருப்பி அனுப்பியவர். இன்னொருமுறை திருப்பினால் அதோடு அந்தப் படம் முடிந்தது.

“சனிக்கிழமை ஒரு துள்ளலும் இல்லாமல் ஓடவேண்டும்,” என்றார் ஃப்ராவ் லிண்டமான். ஓடும் என்றேன்.

வியாழக்கிழமை படம் வந்தது. லியூ அம்மா தானே கொண்டுவந்து, தன் கண்ணால் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அன்று ஓட்டியது எங்கள் தியேட்டரின் மற்ற ஒப்பரேட்டர். நான் வெள்ளிக்கிழமை கையுறையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் நாலு ரீலும் சுத்தம். ஐந்தாவது ரீலில், உப்பளச் சண்டை வருகிற இடத்தில் விரல் தட்டத் தொடங்கியது. தட்டித் தட்டி முடியவில்லை. ஒரு நிமிடம் ஓடுகிற ஃபிலிமுக்குள் பத்தொன்பது துண்டு செருகியிருந்தது. நாலு ஃபிரேம், ஐந்து ஃபிரேம். படம் முழுக்க மங்கிய மண் நிறம், இந்தத் துண்டுகள் மட்டும் வெளிறிய ரோஸ் நிறம். ஒன்றில் ஒரு கால். ஒன்றில் வெறும் வானம். ஒன்றில் உப்புக் குவியல், அதுவும் கோணலாக. எனக்குச் சிரிப்பு வந்தது. சுவிஸ் ஒப்பரேட்டரைப் போன்ற ஆட்களின் கைவேலையை நான் அறியாதவனா?

பத்தொன்பதையும் வெட்டி எடுத்தேன். புது டேப்பால் மயிரிழை பிசகாமல் ஒட்டினேன். துண்டுகளை டின்னுக்குள் போட்டேன். அறிக்கையில், ‘ஐந்தாம் ரீல்: அந்நியத் துண்டுகள் 19 அகற்றப்பட்டன. நிலை நன்று’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். அந்த நேரம் பார்த்துச் சிவநேசன் அண்ணையின் போன்.

“தம்பி, போன ஞாயிறு அந்தப் பாட்டிலை என்ன நடந்தது? அவள் சுத்தி ஆடேக்கை ஒரு துள்ளு. சனம் என்னைப் பிடிச்சுத் தின்னுது.”

“அறுந்துபோச்சு அண்ணை. ரெண்டு மூண்டு துண்டு எடுத்தனான்.”

“எடுத்ததை என்ன செய்தனீர்?”

“டின்னுக்குள்ளை கிடக்கு.”

“கவனமா வையும். சுவிஸ்காரன் கேப்பான்.”

“ஓம் அண்ணை, இங்கை ஒண்டும் எறியிறேல்லை,” என்றேன்.

சனிக்கிழமை மத்தியானம் ஒத்திகை. லியூ அம்மா வந்து வெறும் மண்டபத்தின் நடுவில் தனியாக உட்கார்ந்தார். ஐந்தாம் ரீல் ஓடி முடிந்ததும் என் அறைக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. குட்டையான மனுஷி, கையில் உணவகத்துப் பை. எங்கள் இரண்டு பேரின் ஜெர்மனும் சமையலறையில் படித்தது. ஆகவே நன்றாக விளங்கியது.

“அவள் பறக்கவில்லை,” என்றார்.

“இந்தப் படத்தில் அவள் பறக்கிறதில்லை அம்மா. உப்புக் குவியலில் நிற்கிறாள். பிறகு மதகுக்கு மேலே நிற்கிறாள்.”

“வியாழக்கிழமை பறந்தாள்.”

நான் பெருமையோடு அறிக்கையை எடுத்துக் காட்டினேன். அவர் அதை வாசித்தார். பிறகு கதவோரத்தில் இருந்த முக்காலியில் மெல்ல உட்கார்ந்தார். சத்தம் போடுவார் என்று பார்த்தேன். போடவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

அவர் சொன்னது இதுதான். அந்தப் படத்தில் பறக்கிற ஷாட் என்று ஒன்று எடுக்கப்படவே இல்லை. கம்பி கட்ட வசதியில்லை. நடிகையை ஒரு துள்ளுப் பலகையில் குதிக்கவிட்டார்கள், அவர் விழுந்து விழுந்து எழும்பினார். இயக்குநர் அழுதுகொண்டு ஃபிலிமை இவர் மேசையில் போட்டுவிட்டுப் போனார். இவர் அதிலிருந்து நாலு ஃபிரேம் கால், நாலு ஃபிரேம் துணி, ஐந்து ஃபிரேம் வானம் என்று பொறுக்கி அடுக்கினார். எது என்று கண் பிடிப்பதற்குள் அது போய்விடும். மிச்சத்தை, பார்க்கிறவனே மனதில் போட்டு அவளைப் பறக்கவைப்பான். பிறகு ஜெர்மனிக்கு விற்றபோது இங்கே யாரோ ஒரு நேர்த்தியான வேலைக்காரன், இதெல்லாம் பழுது என்று பத்தொன்பதையும் எடுத்துவிட்டான். மூல நெகட்டிவும் தொலைந்தது. அவர் இங்கே ஒரு பழைய சந்தையில் இந்த ஜெர்மன் பிரதியை வாங்கினார். இன்னொரு உளுத்துப்போன பிரதி எங்கிருந்தோ கிடைத்தது. அதிலே மிச்சமிருந்த துண்டுகளை வெட்டி, ஒரு மாரிகாலம் முழுக்க உணவகத்துச் சமையல் மேசையில் வைத்து, பத்தொன்பதையும் திரும்ப ஒட்டினார்.

“இரண்டு முறை,” என்றார். “இரண்டு முறையும் நல்ல வேலைக்காரன்.”

எனக்கு நிலம் பிளந்து விழுங்கினால் நல்லது என்று இருந்தது. கத்தி அழவேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்ய நேரமில்லை. மணி ஒன்றரை. காட்சி எட்டு மணிக்கு.

ஃப்ராவ் லிண்டமான் வந்தார். அறிக்கையைப் பார்த்தார். பென்சிலை எடுத்தார். என் உயிர் போனது. “எடுத்த துண்டுகள் எங்கே?” என்றார். டின்னைக் காட்டினேன். “நல்லது,” என்று சொல்லிக் கதிரையை இழுத்துப் போட்டு எங்களோடு உட்கார்ந்தார். அந்தப் பென்சில் அன்று துண்டுகளுக்கு இலக்கம் போடத்தான் என்று பிறகு விளங்கியது.

டின்னை மேசையில் கொட்டினேன். பழைய கலர் ஃபிலிம் பெரும்பாலும் நாளடைவில் ரோஸ் நிறமாகிவிடும். எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பழைய படத் துண்டுகளும் அதே ரோஸ். முகம் தெரிந்த துண்டுகளை, மீசை தெரிந்த துண்டுகளை ஒரு பக்கம் ஒதுக்கினேன். சீனப் படத்துக் கதாநாயகிக்கு மீசை இல்லை என்ற அளவுக்கு எனக்கும் சினிமா தெரியும். லியூ அம்மா பூதக்கண்ணாடியை வெளிச்சப் பலகைமேல் பிடித்தபடி, நான் ஒட்டிய ஒவ்வொரு ஒட்டையும் பார்த்துச் சொல்வார்: “கால், இடப்பக்கம்.” நான் தேடிக் கொடுப்பேன். அவர் பார்த்துத் தலையாட்டுவார். ஃப்ராவ் லிண்டமான் இலக்கம் எழுதுவார். நான் ஒட்டைப் பிரித்து, வைத்து, டேப் போடுவேன். ஒன்றுக்குப் பதினைந்து நிமிடம். பதினாலாவது வந்தபோது, பார்த்துப் பார்த்து லியூ அம்மாவின் கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. “துணி, வலமிருந்து இடம், நாலு ஃபிரேம்,” என்றார். தேடினேன். ஒரு துண்டில் முகமில்லை, மீசையில்லை, வலமிருந்து இடமாகச் சுழலும் துணி மட்டும். எண்ணினேன், நாலு ஃபிரேம். கொடுத்தேன். அவர் பார்த்தார். தலையாட்டினார்.

ஏழரைக்குப் பத்தொன்பதாவது துண்டு ஒட்டினேன். எட்டு மணிக்குப் படம் தொடங்கியது. மண்டபம் நிறைந்திருந்தது. காப்பகத்து அலுவலர் நடு வரிசையில் சின்ன டோர்ச்சும் கொப்பியுமாக இருந்தார். ஐந்தாம் ரீல் ஏறியதும் நான் கண்ணாடித் துவாரத்தில் முகத்தை வைத்தேன். உப்புக் குவியல். அவள் வாளைச் சாய்த்தாள். பிறகு என்ன நடந்தது என்று என்னாலேயே சொல்ல ஏலாது. நானே வெட்டி, நானே ஒட்டிய துண்டுகள்தான், ஆனாலும் அவள் பறந்தாள். நூற்றிருபது ஜெர்மன்காரரும் ஒரே மூச்சில் ‘ஆ’ என்றார்கள். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அந்தச் சந்தோஷம் அரைச் செக்கன்கூட நிற்கவில்லை. அந்தப் பறப்புக்கு நடுவில் ஒரு கரை பார்த்தேன். சேலைக் கரை. ஜரிகைக் கரை. கூடவே ஒரு மேளத் தட்டு, ஒரே ஒரு தட்டு, காதில் விழுந்தது. போன ஞாயிறு சிவநேசன் அண்ணையின் சனத்துக்குப் பாட்டில் குறைந்த துண்டு எங்கே போனது என்று எனக்கு மட்டும் தெரிந்தது.

படம் முடிந்து கைதட்டல் அடங்க நேரமெடுத்தது. காப்பகத்து அலுவலர் லியூ அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, பிரதியைத் திங்கட்கிழமையே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். எல்லோரும் போனபிறகு அம்மா மேலே வந்தார்.

“பதினாலாவது யாருடையது?”

சொன்னேன். ஆடுகிற பெண், தமிழ்ப் படம், போன ஞாயிறு. மன்னிப்புக் கேட்டேன்.

“என்னுடையது எங்கே?”

மேசைக்கு மேலே, மேசைக்குக் கீழே நிலத்தில், குப்பைக்கூடையில்கூடத் தேடினோம். கிடைக்கவில்லை.

“வேறு நாலு ஃபிரேம் இருக்கிறதா?”

“இல்லை.”

“அப்படியென்றால் வாயை மூடுங்கள்,” என்றார். “குறைப்பிரதி என்று தெரிந்தால் அவர் எடுக்கமாட்டார்.” நான் மூடினேன். ஃப்ராவ் லிண்டமான் அறிக்கையில், ‘19 துண்டுகள் மீளச் செருகப்பட்டன. நிலை நன்று’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமை வேலைக்கு வந்தபோது பழைய டின்னுக்குப் பக்கத்தில் இரண்டாவது பிஸ்கட் டின் ஒன்று இருந்தது. அதன்மேல் பென்சிலால் ‘ஞாயிறு’ என்று எழுதியிருந்தது.

சில வருடத்தில் காப்பகத்தார் படத்தைப் புதுப்பித்து முடித்தார்கள். ஒவ்வொரு ஃபிரேமாகத் தூசி தட்டி, மங்கிய நிறத்தையெல்லாம் மீட்டிருந்தார்கள். அதன் காட்சிக்கு ஒரு பேராசிரியர் வந்து முக்கால் மணித்தியாலம் பேசினார். அந்த நாலு ஃபிரேமைத் திரையில் நிறுத்தியே காட்டினார். செக்கச்சிவந்த பட்டு, தங்கக் கரை, ஒவ்வொரு இழையும் துல்லியம். படத்தில் வேறெங்கும் இல்லாத இந்தச் சிவப்புத்தான் படத்தின் திறவுகோல் என்றார். சீனத்தில் சிவப்பு மணப்பெண்ணின் நிறம். வாளேந்திய பெண் தான் இழந்த கல்யாணத்தை நினைக்கும் கணம் அது. அந்த ஒற்றை மேளத் தட்டு அவளுடைய இதயம். பின்னால் வந்த வாள் படங்களில் சிவப்புத் துணி பறக்கிற இடங்களெல்லாம் இதற்குக் கடன்பட்டவை என்றும் சொன்னார். லியூ அம்மா முன்வரிசையில் அசையாமல் இருந்தார். நான் கடைசி வரிசையில் இருந்து சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் புரொஜெக்டர் கழற்றும்போது ஃபிலிம் சுற்றுகிற மேசையையும் தூக்கினார்கள். மேசைத் தட்டின் அடிப்பக்கத்தில், பழைய டேப்பின் பசையில் ஒட்டிக்கொண்டு ஒரு துண்டு இருந்தது. ரோஸ் நிறம். நாலு ஃபிரேம். அதை ஒரு கடித உறைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த ரயிலிலேயே பீலெஃபெல்டுக்குப் போனேன். வழியெல்லாம் ஒரே யோசனை. இத்தனை வருடமாகச் சுமந்த பாரத்தை இறக்கிவிடலாம். காப்பகத்தாருக்கு உண்மையைச் சொல்லலாம். அவர்கள் என் துண்டை எடுத்துவிட்டு லியூ அம்மாவின் துண்டைப் போடுவார்கள். பேராசிரியர் என்னவானால் எனக்கென்ன.

லியூ அம்மாவுக்கு இப்போது எண்பதுக்கு மேல். கதவைத் திறந்து, உறையை வாங்கி, யன்னல் வெளிச்சத்தில் ஃபிலிமைப் பிடித்தார். பூதக்கண்ணாடியைத் தேடி எடுத்து மறுபடியும் பார்த்தார்.

“இனி மாற்றலாம் அம்மா,” என்றேன். “எல்லாருக்கும் சொல்லிவிடுகிறேன்.”

“உங்கள் மொழியில் எழுதுங்கள்,” என்றார். “பேராசிரியர் வாசிக்கமாட்டார்.”

பிறகு துண்டை உறைக்குள் போட்டு, என் கையிலேயே திருப்பித் தந்தார்.

“அன்று படத்தை அடுக்கும்போது வேறு நல்லது இருக்கவில்லை, அதனால் இதை வைத்தேன். இதில் அவள் விழுகிறாள். எனக்கு எப்போதும் தெரியும்,” என்றார். “உங்கள் பெண்தான் பறக்கிறாள்.”

அதன்பிறகு, சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனார்.